புள்ளியெல்லாம் எடுத்தாச்சு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆவல் இருக்கிறது. ஆனால் அது நலத்தைப் பற்றியது இல்லை.

அண்ணன் மலையிலிருந்து திங்கட்கிழமை வந்து சேர்ந்தான். கடைவாய்ப் பல்லில் வலி, கன்னம் பன் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டான். "கியர் மாத்தினா பல்லுல இடிக்குது"ன்னு புலம்பல் வேறு. நீங்கள் கொடுத்தனுப்பிய டிஸ்கை என் கையில் கொடுத்தான். அண்ணி ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "புள்ளியெல்லாம் எடுத்தாச்சாம். உன்னைக் கவலைப்படாம கணக்கைப் போடச் சொன்னா"ன்னான்.

கணக்கைப் போட்டேன். கவலை அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்களுக்கே பாடம் நடத்துகிறேன் என்று கோபிக்காதீர்கள், எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நம் நட்சத்திரம் சூரியன் மாதிரி. அதன் காந்தப்புலம் முறுக்கிக்கொள்ளும் இடம் குளிர்ந்து, சுற்றியிருக்கிற இடத்தைவிட மங்கிப்போய், கரும்புள்ளியாக நிற்கும். எவ்வளவு பெரிய டெலஸ்கோப்பில் பார்த்தாலும் நமக்கு அந்த முகம் தெரியாது, வெறும் ஒளிப்பொட்டுதான். ஆனால் அது சுழலும்போது புள்ளி இருக்கிற பக்கம் நம்மைப் பார்த்துத் திரும்பினால் வெளிச்சம் துளி குறையும். அந்தத் துளியைத்தான் பதினாலு வருஷமாக நீங்கள் மலையில் அளக்கிறீர்கள், ஒவ்வொரு அளவையும் ஒரு புள்ளியாக நான் இங்கே கிராஃபில் வைக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை புள்ளிகள் பெருகி அடங்கும். போன தடவை பெருகியது போலவே இந்த இரண்டு வருஷமும் பெருகியிருக்க வேண்டும். கிராஃபோ இஸ்திரி போட்ட துணி மாதிரி படிந்து கிடக்கிறது.

நட்சத்திரம் தூங்கிவிட்டது என்றுதான் இதுவரை இரண்டு பேரும் குதித்தோம். நம் சூரியனும் ஒரு காலத்தில் அப்படிப் புள்ளியே இல்லாமல் எழுபது வருஷம் கிடந்தது. இன்னொரு சூரியன் தூங்கப் போவதை நேரில் பிடித்தோம் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும். அது உறுதியானால் டெலஸ்கோப்பை இன்னும் அஞ்சு வருஷம் உங்களிடமே விடுவதாக நம் டைரக்டர், அந்தப் பெரிய புள்ளியும் வாக்குக் கொடுத்திருக்கிறார். இல்லையென்றால் மார்ச்சோடு வேறு வேலைக்கு மாற்றிவிடுவார், நீங்களும் இறங்க வேண்டியதுதான்.

ஆனால் அண்ணி, அந்த கிராஃபில் ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாரம் காலி. அதுவும் எந்த வாரம்? பழைய கணக்குப்படி கறுத்த பக்கம் திரும்ப வேண்டிய அதே வாரம். இரண்டு வருஷமும் இதே கதை.

போனில் கேட்டிருப்பேன். மலையில் இருக்கிற ஒரே போன் சமையல்காரர் தலைக்கு மேலே தொங்குகிறது. அதோடு, அம்மா உங்களைக் கீழே வந்து எங்களோடு இருக்கச் சொன்னதற்குப் போன மாதம் நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். அண்ணன் சொன்னது உண்மையா? புள்ளிகளை எடுத்தீர்களா? ஒரே வார்த்தையில் பதில் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை

*

பிப்ரவரி 11

கணக்குப்பிள்ளைக்கு,

எடுத்தேன். ஒரே வார்த்தைதானே கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி மிச்சத்தையும் கேட்டுக்கொள்.

நல்ல கேள்வி கேட்டாயடி! வேறு யாராவது கேட்டிருந்தால் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். ஒவ்வொரு புள்ளியையும் என் கையால்தான் எடுத்தேன். விரல் மரத்துப்போகிற குளிரில் எடுத்தேன். காய்ச்சலோடு எடுத்தேன். உன் அண்ணன் இங்கே வந்து மூன்று கம்பளிக்குள் முடங்கிக் குறட்டை விடும்போதும் எழுந்து போய் எடுத்தேன். இன்று நேற்றா? பதினாலு வருஷமாக எடுக்கிறேன். இதுவரை யாரும் என்னை ஏன் எடுத்தாய் என்று கேட்டதில்லை, கேட்கிற தகுதியும் யாருக்கும் இல்லை.

அந்தக் காலி வாரங்களுக்குக் காரணம் உனக்குத் தெரியாதாக்கும்? தெரியாதவள் மாதிரி நடிக்காதே. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. போன மாதம் உன் அம்மா, "எத்தனை வருஷம்தான் புருஷன் ஒரு மலையிலயும் பொண்டாட்டி ஒரு மலையிலயும்? இறங்கி வாம்மா"ன்னாங்க. உன் அண்ணன் மலையில் இல்லை, உன் வீட்டு மாடியில் இருக்கிறான் என்றேன். அதற்கு நீ போனைப் பிடுங்கி எனக்கு மரியாதைப் பாடம் எடுத்தாய். இந்த மாதம் ஓட்டை, காலி என்று கடிதம் வருகிறது. என் வேலையில் நொட்டை சொன்னால் தானாக இறங்கிவிடுவாள் என்று வீட்டில் கூடிப் பேசினீர்களா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதில் நான் எந்தக் குடத்தையும் உடைக்கவில்லை.

உனக்கு வந்த வரன்களில் ஒருத்தனுக்கு மூக்கு சரியில்லை, ஒருத்தனுக்குப் பேச்சு சரியில்லை என்று நீ தள்ளியபோது, "நீயும் உங்க அண்ணியும் பாக்கற அந்த நட்சத்திரத்தையே கட்டிக்கோ போ"ன்னு உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்களே, அன்றிலிருந்து அது நமக்கு மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை விஷயத்திலும் நீ குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாய். உன் புத்தி மாறாது.

அவனைப் பல் டாக்டரிடம் போகச் சொல். சூடாக எதுவும் கொடுக்காதே.

அண்ணி

*

பிப்ரவரி 18

மலைமேல் இருப்பவருக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும், நான்தான் தப்பாகப் படிக்கிறேன், அடுத்த வரியில் "சும்மா சொன்னேன்டி" என்று இருக்கும் என்று தேடினேன். இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் மறைக்கக்கூட இல்லை, தட்டில் வைத்து நீட்டுகிறீர்கள். எடுத்தேன், பதினாலு வருஷமாக எடுக்கிறேன், யாருக்குக் கேட்கத் தகுதி இருக்கிறது! வேலியே பயிரை மேய்ந்துவிட்டு ஏப்பமும் விடுகிறது. பதினாலு வருஷம் நான் கிராஃபில் வைத்ததெல்லாம் நீங்கள் மேய்ந்து மிச்சம் வைத்ததா?

காரணம் எனக்கே தெரியும் என்கிறீர்கள். ஆமாம், தெரிகிறது. மாப்பிள்ளை முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தால்தான் டெலஸ்கோப் உங்களிடம் நிற்கும். வேறு வழியில்லை என்றும் நீங்களே எழுதிவிட்டீர்கள். கறுத்த ராத்திரிகளை எடுத்துப் போட்டுவிட்டு நட்சத்திரம் தூங்குகிறது என்று ஊரை ஏமாற்ற என் பேரும் வேண்டுமா?

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கல்யாணமாகி வந்த புதிதில், அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் முதல் டெலஸ்கோப்பைக் காட்டியது நீங்கள். "கையில கிடைச்சதை அப்படியே வை, புடிக்குதோ புடிக்கலையோ"ன்னு சொன்னதும் நீங்கள்தான். இதை எழுதும்போது அழுகிறேன். அழுவதைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

காலையில் பெரிய புள்ளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிராஃபையும் வைத்தேன். உங்கள் கடிதத்தை வைக்கவில்லை, அது வீட்டு விஷயம். சாவியை வாங்க ஆள் அனுப்புவார் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒன்றும் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

*

பிப்ரவரி 25

நாத்தனாருக்கு,

இதுவரை உன்னை அப்படி அழைத்ததில்லை. இன்று அழைக்கிறேன். அந்த வார்த்தைக்கு ஊரில் என்ன அர்த்தமோ அதே அர்த்தத்தில்.

ஜீப்பில் உன் கடிதமும் பெரிய புள்ளியின் உத்தரவும் ஒரே பையில் வந்தன. மார்ச் பத்தாம் தேதி சாவியை ஒப்படைக்க வேண்டுமாம். விசாரணை வரைக்கும் நான் எதையும் தொடக் கூடாது என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார். பிறகு அதை அடித்துவிட்டு, பத்தாம் தேதி வரை அளக்கலாம் என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார். அந்தக் கிறுக்கலுக்குக் கும்பிடு. சமையல்காரர் உத்தரவைப் படித்துவிட்டார் போலிருக்கிறது, தட்டை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுதிய ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இப்படித் திருப்புவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. எடுத்தேன் என்றேன். ஆமாம், எடுத்தேன்! அதில் திருட்டு எங்கே வந்தது? நீ என்னமோ நான் குளிருக்குப் பயந்து தூங்கிவிட்டேன், வேலை செய்யவில்லை என்று கேட்கிறாய் என்று நினைத்து, வயிறு எரிந்து பதில் எழுதினேன். நீ அதைக் கொண்டுபோய்த் திருட்டு வாக்குமூலம் ஆக்கிவிட்டாய். தெரிந்தே செய்தாயா, தெரியாமலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தேதான் என்று என் மனசு சொல்கிறது. உன் அம்மா நினைத்தது நடந்துவிட்டதல்லவா.

காலி வாரங்களுக்கு வருகிறேன். ஜன்னலைத் திறந்து என்றைக்காவது வானத்தைப் பார்த்திருக்கிறாயா, மகராசி? நிலா என்று ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை இருப்பது அது போகிற பாதையில். இருபத்தேழு நாளைக்கு ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணைக் கூசவைக்கும். அந்த ஒரு வாரம் அளந்தால் அது மாப்பிள்ளை வெளிச்சமா நிலா வெளிச்சமா என்று பிரிக்க முடியாது. அதனால் அளப்பதில்லை. எடுக்காத புள்ளியை எப்படியடி எடுத்துப் போடுவது?

மாப்பிள்ளை தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றுவதும் ஏறக்குறைய அதே இருபத்தேழு நாள். கறுத்த பக்கம் திரும்பும்போதெல்லாம் நிலா வந்து மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. அதற்காக மட்டும் உனக்கு நன்றி.

மாப்பிள்ளை நிலாவைவிட ஒரு மயிரிழை வேகம். இரண்டு வருஷமாக இழை இழையாக முந்தி வந்திருக்கிறான். வருகிற மார்ச் முதல் வாரம் கறுத்த பக்கம் திரும்பும்போது நிலா இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அன்றைக்கு வெளிச்சம் குறையவில்லை என்றால் அவன் தூங்குவது சத்தியம், டெலஸ்கோப் எனக்கு. குறைந்தால் தூக்கமும் பொய், என் மலையும் போச்சு. என்னைத் திருடி என்று சொன்னாய், பரவாயில்லை. அந்த ஒரு வாரத்தை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதே.

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

கிழித்துப் போடாமல் படியுங்கள். காலில் விழுகிறேன்.

உங்கள் நிலாக் கதையை முதலில் நம்பவில்லை. குட்டு வெளிப்பட்டதும் நிலாவைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். இருந்தாலும் இரண்டு வருஷத்து நிலாவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொரு ஓட்டையிலும் நிலா உட்கார்ந்திருக்கிறது, ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. அப்போதும் என் சனியன் பிடித்த புத்தி விடவில்லை. சரி, நிலா உண்மை, ஆனால் "எடுத்தேன்" என்று அவங்களே எழுதினாங்களே என்று அதையே பிடித்துத் தொங்கியது.

நேற்று சாயங்காலம் அண்ணன் பல் டாக்டரிடமிருந்து வந்தான். வாய் கோணிக்கொண்டிருந்தது. வாசலிலேயே அம்மா, "பல்லு என்னடா ஆச்சு?"ன்னாங்க.

"எடுத்தாச்சு"ன்னான்.

அவ்வளவுதான். அம்மா உட்கார்ந்துவிட்டார்கள். "ஐயோ, இந்த வயசுலேயே கடைவாய்ப் பல்லு போச்சே! யாரைக் கேட்டுடா எடுத்தே? வேற டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே!" ஒரே ஒப்பாரி. அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னக் கறுப்பு ஃபிலிமை எடுத்து நீட்டினான். "அம்மா, எக்ஸ்ரே எடுத்தாச்சும்மா! பல்லு இருக்கு, இந்தா பாரு!"ன்னு வாயைத் திறந்து காட்டினான். அம்மா விரலை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள். வீங்கிய வாயோடு அவனும் சிரித்தான், அம்மாவும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"அன்னைக்கு அண்ணி புள்ளியெல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாங்கன்னியே, அதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அளந்து முடிச்சாச்சுன்னு அர்த்தம். வேற என்ன? ராத்திரி பூரா அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தா"ன்னான்.

படம் எடுப்பதும் எடுப்பதுதான், பல்லை எடுப்பதும் எடுப்பதுதான். பதினாலு வருஷம் உங்களோடு வேலை செய்தவளுக்கு முதல் அர்த்தம் தோன்றவில்லை, இரண்டாவதுதான் தோன்றியது. தப்பு வார்த்தையில் இல்லை அண்ணி. போனில் சண்டை போட்ட நாளிலிருந்து உங்கள் எழுத்தை நான் நல்ல கண்ணோடு படிக்கவே இல்லை.

காலையில் பெரிய புள்ளியிடம் ஓடினேன். நான் சொன்னது தப்பு, வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "அன்னைக்கு அவ்வளவு உறுதியா சொன்னீங்க. இன்னைக்கு இவ்வளவு உறுதியா மாத்திச் சொல்றீங்க. எதை நம்பறது? உங்க அண்ணிதானே"ன்னார். குடும்பத்தோடு சேர்ந்து மூடி மறைக்கிறோம் என்று இப்போது அவருக்குச் சந்தேகம். பத்தாம் தேதி உத்தரவை மாற்ற முடியாதாம். அந்த வாரத்து அளவு நட்சத்திரம் தூங்குகிறது என்று காட்டினால் மறுபடி யோசிப்பாராம்.

தூங்க வேண்டும் அண்ணி. மாப்பிள்ளை தூங்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். ஆமாம், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவளை இறங்கி வரச் சொன்னேனே தவிர, இப்படித் தள்ளிவிடச் சொன்னேனா?"ன்னு கேட்டார்கள். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

உங்கள் கணக்குப்பிள்ளை என்று போட்டுக்கொள்ளத் தகுதியில்லாத,
நான்

*

மார்ச் 9

கணக்குப்பிள்ளைக்கு,

உன் அண்ணன் பல் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம். இந்த வீட்டில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.

வாரம் முழுக்க வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேகமே இல்லை. நிலா வருவதற்கு முன்னால் கறுத்த பக்கம் திரும்பியது. எடுத்தேன். இந்தத் தடவை, அளந்தேன் என்று படி.

வெளிச்சம் குறைந்தது. முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், நாலாம் நாள் நல்ல பள்ளம். போன உச்சத்தில் பார்த்ததைவிடப் பெரிய பள்ளம். ஒருவேளை நாம் ஒப்பிட்டு அளக்கிற பக்கத்து நட்சத்திரம்தான் பிரகாசமாகிவிட்டதோ என்று வேறு இரண்டோடு வைத்துப் பார்த்தேன். இல்லை. இவன் முகம்தான் கறுத்திருக்கிறது. அவன் தூங்கவே இல்லை. இரண்டு வருஷமும் முழித்துக்கொண்டு, முகமெல்லாம் புள்ளியோடு, நிலாவுக்குப் பின்னால் நின்றிருக்கிறான்.

"மேகம்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். அந்த நாலு ராத்திரியும் காலி என்று போயிருக்கும், நட்சத்திரம் தூங்கியிருக்கும், டெலஸ்கோப் என்னிடம் நின்றிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சந்தேகப்பட்டுச் சூடுபட்ட நீயும் கேட்டிருக்க மாட்டாய். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. கையில் கிடைத்ததை அப்படியே வை என்று உன்னிடம் சொன்ன வாய் இது, அதனால் வைத்துவிட்டேன்.

டிஸ்க் இதோடு இருக்கிறது. ஆனால் உனக்கு அனுப்பும் முன்பே ஒரு பிரதியைப் பெரிய புள்ளிக்கும், ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். என்மேல் உள்ள பாசத்தில், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, நீ அந்த நாலு புள்ளியை எடுத்துவிடக் கூடாதல்லவா? இந்த எடுப்பை இரண்டாவது அர்த்தத்திலேயே படி. சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தது நீதான்.

சாவியை நாளைக் காலையில் கொடுக்கிறேன். சமையல்காரர் இன்று என் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டார், ஒரு கரண்டி கூடவே போட்டார். உன் அம்மாவிடம் மாடி அறையில் என் பெட்டிக்கு இடம் ஒதுக்கச் சொல். நிரந்தரமாக இல்லை. நிலா மறைத்து நின்றதையும் அதை நாம் கண்டுபிடித்ததையும் நீயும் நானும் எழுதி முடிக்கிற வரைக்கும். அதற்கும் ஒரு கிராஃப் வேண்டும், அதை உன்னைத் தவிர யாருக்கும் ஒழுங்காக வரையத் தெரியாது. எழுதி முடித்ததும் வேறு மலை தேடுவேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. இரண்டு பக்கம் கோபமாக எழுதினால் மூன்றாம் பக்கத்தில் நீ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த முகம் வந்து நிற்கிறது.

வியாழக்கிழமை ஜீப்பில் இறங்குகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு உன் அண்ணன் வர வேண்டாம். அவன் வாயில் எந்தச் சேதியும் சொல்லி அனுப்பாதே. நீ வா. வந்து என் முகத்துக்கு நேரே நின்று, அந்த ஒரு கேள்வியை என்னிடமே கேள்: "அண்ணி, எடுத்தீங்களா?"

அண்ணி